இரண்டாவது கையெழுத்து

எங்கள் பக்கத்து ஊர்களில் 'பிரசிடெண்டு' என்றால் டெல்லியில் இருப்பவரையோ வாஷிங்டனில் இருப்பவரையோ யாரும் நினைப்பதில்லை. கிராம ஊராட்சித் தலைவர்தான் பிரசிடெண்டு. துணைத் தலைவர் 'வைஸ்'. டீக்கடையில் "பிரசிடெண்ட பாத்தியா?" என்று கேட்டால் குடிநீர்க் குழாயோ, தெருவிளக்கோ, நூறு நாள் வேலையோ ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்று பொருள்.

ஒரு சாரல் சீசனில் குற்றாலத்தில் கல்லூரி மாணவர்கள் இருபது பேரோடு இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினோம். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தவர்களில் ஒரு தம்பி, தன் ஊர் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்டார்: "எங்க ஊர் பிரசிடெண்டுக்குக் கையெழுத்து மட்டும்தான்க்கா போடத் தெரியும். அதனால வைஸ்தான் எல்லாத்தையும் பாத்துக்கிடுதாரு. படிச்ச ஆளா நிறுத்தியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

கேட்டவரும் நம் சேரிப் பிள்ளைதான். கேள்வியில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. தென்காசி மாவட்டத்தின் 221 கிராம ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் தேர்வானவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. யாரை நிறுத்துவது, யாருக்குத் தகுதி இருக்கிறது என்ற பேச்சு மறுபடி வரும். அதற்கு முன் அந்தத் தம்பிக்கு ஒழுங்கான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. தலைவர் பதவிகளில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள் தொகை விகிதப்படி ஒதுக்கப்படுகிறது.

துணைத் தலைவர் அப்படி வருவதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. தனித் தலைவர் பதவி உள்ள ஊராட்சியிலும் பெரும்பாலான வார்டுகள் பொது வார்டுகள்தான். ஓர் உதாரணத்துக்கு ஒன்பது வார்டு உள்ள ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு வார்டு நமக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் மற்ற ஏழில் யார் ஜெயிப்பார்கள், அந்த ஏழு பேர் யாரை வைஸ் ஆக்குவார்கள் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் துணைத் தலைவர் பதவி வெறும் அலங்காரமாக இருந்திருக்கும். ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுக்க வந்த விதி இது. ஒரே ஆள் கையில் கஜானா இருக்கக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். சாதி இல்லாத ஊரில் அது நன்றாகவே வேலை செய்திருக்கும். சாதி உள்ள ஊரில், மக்கள் வாக்களித்து உட்கார வைத்த தலித் தலைவரின் கையெழுத்து, அவரை விரும்பாத ஒருவரின் இரண்டாவது கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது. பைப் உடைந்தால் மாற்ற முடியாது. பல்பு வாங்க முடியாது. ஆறு மாதம் ஆனதும் "இந்த ஆளுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியல" என்று ஊர் பேசத் தொடங்கும்.

நக்கலமுத்தன்பட்டி

இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் குருவிகுளம் ஒன்றியம் 2006இல் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஒன்றியத்தின் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சிக்கு 2006 அக்டோபர் தேர்தலில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஜக்கையன் தலைவராகத் தேர்வானார். பதவிக்கு வந்த சில வாரங்களில், நவம்பரில், வெட்டிக் கொல்லப்பட்டார். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க மறுத்தார், துணைத் தலைவர் தரப்பின் பிடியில் நிர்வாகத்தை விட மறுத்தார், அதுதான் காரணம் என்று அப்போது வந்த செய்திகளும் உண்மை அறியச் சென்றவர்களின் அறிக்கைகளும் கூறின. சில மாதங்களுக்குள், 2007 தொடக்கத்தில், மருதங்கிணறு ஊராட்சியின் தலித் தலைவர் சேர்வாரனும் கொல்லப்பட்டார்.

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து ஊராட்சியில் கிருஷ்ணவேணி 2006இல் தலைவரானார். அவரும் அருந்ததியர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று நின்றவர். 2011 ஜூன் 13ஆம் தேதி இரவு வீடு திரும்பும் வழியில் அவரை வெட்டினார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

இவர்களில் யாருக்குத் தகுதி இல்லை? ஜக்கையனுக்கு ஊராட்சிச் சட்டத்தின் பிரிவுகள் எல்லாம் தெரிந்திருந்ததா என்று நமக்குத் தெரியாது. எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தலைவருக்கு அதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

ஆகவே, தம்பி கேட்ட கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர்கள் ஏன் தலைவராகிறார்கள்? பல ஊர்களில் அவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்துவதே ஆதிக்க சாதியினர்தான். படித்த பையன், சங்கத்தில் இருக்கும் பையன், போலீஸ் ஸ்டேஷனில் எதிர்த்துப் பேசிய பையன், இவர்களைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்தில் வேலை பார்ப்பவரையோ கடன்பட்டவரையோ அழைத்து வந்து மனுத்தாக்கல் செய்ய வைப்பார்கள். டெபாசிட்டும் அவர்களே கட்டுவார்கள். தகுதி பார்க்காமல் நிறுத்துவதாக நாம் நினைக்கிறோம். அவர்கள் மிகக் கவனமாகத் தகுதி பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். மறுக்க முடியாத நிலையில் இருப்பதுதான் அவர்கள் தேடும் தகுதி.

ராஜினாமா செய்வதற்கென்றே ஒரு வேட்பாளர்

இதன் உச்சத்தை மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியில் பார்த்தோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் அதுவே நிலை. பத்தாண்டுகள் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. யாரும் மனுத்தாக்கல் செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் தேர்தல் நடந்தபோது தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தலித் ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த ஊராட்சிகளுக்கு நிலைத்த தலைவர்கள் கிடைத்தார்கள். அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், கட்சிகளும் இயக்கங்களும் தொடர்ந்து கொடுத்த அழுத்தமும் இல்லாமல் அது நடந்திருக்காது.

மேலவளவில் நடந்தது வேறு விதம். 1996இல் அந்த ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் மிரட்டல் தொடங்கியது. வேட்பாளர்கள் விலகினார்கள். தேர்தல் தள்ளிப்போனது. மறுபடி நடந்தபோது வாக்குச்சாவடியில் கலவரம். கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஆதிக்க சாதியினர் புறக்கணித்ததால் துணைத் தலைவராக வந்த மூக்கனும் தலித். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிய முருகேசனும் மூக்கனும் மேலும் நான்கு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தார்கள்.

மேலவளவை நினைக்கும்போது நாம் முருகேசன் பெயரைச் சொல்கிறோம். மூக்கன் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் ஒரே பக்கம் நின்ற ஊராட்சி அது. இரண்டாவது கையெழுத்தை வைத்து முதல் கையெழுத்தை முடக்க அங்கே வழியில்லை.

தகுதி என்ற பழைய கேள்வி

'படிக்காதவனுக்கு ஏன் பதவி' என்ற கேள்விக்கு நூறு வயது ஆகிறது. சைமன் குழு வந்த காலத்தில், 1928-29இல், வாக்குரிமையைச் சொத்துள்ளவர்களுக்கும் படித்தவர்களுக்கும் மட்டும் கொடுக்கலாம் என்று பெரிய மனிதர்கள் பலர் பேசினார்கள். வயது வந்த எல்லோருக்கும் வேண்டும் என்றார் அம்பேத்கர். எழுத்தறிவு இல்லாததும் அறிவு இல்லாததும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் வைத்திருந்துவிட்டு, படிக்கவில்லை என்று சொல்லி வாக்குச்சாவடிக்கு வெளியிலும் நிறுத்துவது இரட்டைத் தண்டனை இல்லையா?

கேள்வி அதோடு ஓயவில்லை. 2015இல் அரியானா அரசு, ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று சட்டம் போட்டது. பெண்களுக்கும் தலித்துகளுக்கும் சற்றுத் தளர்வு கொடுத்தது. வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களும் நிற்க முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் அதைச் செல்லும் என்றது. ராஜஸ்தானிலும் இப்படி ஒரு விதி 2014இல் வந்து 2019இல் நீக்கப்பட்டது. எம்.எல்.ஏ., எம்.பி. ஆவதற்கு இல்லாத படிப்புத் தகுதி, ஊராட்சி வார்டுக்கு மட்டும் ஏன்? அங்கேதான் தலித் பெண்களும் கூலிக்காரர்களும் முதல்முறையாக நாற்காலியைத் தொட்டார்கள். நாற்காலியைத் தொட்ட பிறகுதான் தகுதிப் பட்டியலும் நீள்கிறது.

சரி, படித்திருந்தால் விட்டுவிடுவார்களா? செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே கோட்டயம் பக்கம் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர் கே.ஆர். நாராயணன். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்தார். வெளியுறவுப் பணியில் சேர்ந்து சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், மத்திய அமைச்சர், 1992இலிருந்து குடியரசுத் துணைத் தலைவர். இத்தனைக்குப் பிறகும் 1997இல் அவர் குடியரசுத் தலைவர் வேட்பாளரானபோது, தலித் என்பதால்தான் வாய்ப்பு என்ற முணுமுணுப்பு இருந்தது. எதிர்த்து நின்ற டி.என். சேஷனைத் தோற்கடித்து, சுமார் 95 சதவீத வாக்கு மதிப்போடு அவர் ஜெயித்தார்.

அவர் பதவியில் செய்ததில் நமக்கு முக்கியமானது ஒன்று உண்டு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு பீகார் விஷயத்திலும் அதையே செய்தார். முதல் பரிந்துரையை அனுப்பியது ஒரு கூட்டணியின் அரசு, இரண்டாவதை அனுப்பியது அதற்கு எதிர்க்கூட்டணியின் அரசு. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார். நக்கலமுத்தன்பட்டியில் ஜக்கையன் செய்ததும் அதுதான். ராஷ்டிரபதி பவனில் மறுத்தவருக்கு அரசியல் சட்டம் காவல் நின்றது. கரிசல் காட்டில் மறுத்தவருக்கு யாரும் நிற்கவில்லை.

துணை எங்கிருந்து வருகிறது

துணைத் தலைவரைத் தலைவருக்கு எதிர் அணியிலிருந்து கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா தொடக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே ஆரம்பத்தில், அதிக வாக்கு பெற்றவர் அதிபர், இரண்டாவது வந்தவர் துணை அதிபர். 1796 தேர்தலில் ஜான் ஆடம்ஸ் அதிபரானார். அவரை எதிர்த்த தாமஸ் ஜெபர்சன் துணை அதிபரானார். நான்கு ஆண்டும் இழுபறி. 1800இல் இன்னும் பெரிய குழப்பம். 1804இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, இரண்டு பதவிக்கும் தனித்தனியே வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு அதிபர் வேட்பாளர்கள் தங்களுக்கு இசைவான துணையோடு சேர்ந்து நிற்பது வழக்கமானது. யாரைத் துணையாக எடுக்கிறார் என்பதை வைத்தே வேட்பாளரை எடைபோடுகிறார்கள்.

நம் ஊராட்சியில் 1796ஆம் ஆண்டே இன்னும் முடியவில்லை. அதுவும் அங்கே இருவரும் சம அந்தஸ்துள்ளவர்கள். இங்கே ஒருவர் மற்றவரின் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாமல் இருந்தவரின் மகன்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் 2020இல் வெளிவந்தது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் துணைத் தலைவர். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் தலைவர் சுதந்திர நாளன்று கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். ஆட்சியரே வந்து சில நாள் கழித்து ஏற்ற வைத்தார். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சட்டம் வந்து 28 ஆண்டு கழித்து!

அடுத்த தேர்தலுக்கு முன்

எல்லாத் துணைத் தலைவர்களும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. தலித் தலைவரோடு ஒத்துழைத்து நல்ல வேலை செய்த பிற சாதித் துணைத் தலைவர்களையும் இதே மாவட்டத்தில் பார்த்திருக்கிறோம். நம் பக்கமும் குறைகள் உண்டு. பெண் தலைவரை வீட்டில் வைத்துவிட்டுக் கணவர் நாற்காலியில் உட்காரும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அருந்ததியர் ஒருவர் தலைவரானால் மற்ற தலித் சாதியினர் ஒதுங்கி நிற்பதும் நடக்கிறது. அப்படி ஒதுங்குகிறவர்கள் ஆதிக்க சாதியின் வேலையைத்தான் பாதி செய்து கொடுக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று, வேட்பாளரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள். யார் உங்களை நிற்கச் சொன்னது, டெபாசிட் யார் கட்டுகிறார்கள், யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். படிப்புக்கு நாம் இருக்கிறோம். கணக்கைப் படித்துச் சொல்ல, தீர்மானத்தை எழுதித் தர, ஆட்சியருக்கு மனுப்போட ஊரில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள்தானே. மறுக்கும் துணிச்சலை மட்டும் நாம் எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டு, தலைவர் பதவிக்கு மட்டும் ஆள் நிறுத்திவிட்டு வார்டுகளை விட்டுவிடாதீர்கள். பொது வார்டிலும் நாம் நிற்கலாம். பிற சாதிகளில் நம்மோடு நிற்கத் தயாரானவர்கள், சிறு எண்ணிக்கையில் இருக்கும் சேவைச் சாதியினர், சிறுபான்மையினர், இவர்களோடு தேர்தலுக்கு முன்பே பேசி, துணைத் தலைவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். தலைவர் ஜெயித்த இரவில் பட்டாசு வெடித்துவிட்டுத் தூங்கினால், துணைத் தலைவர் தேர்தல் நாளில் ஊராட்சி கைமாறிவிடும்.

மூன்று, தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத் தலைவரின் கூட்டுக் கையெழுத்து விதியைத் திருத்தச் சொல்லி அரசைக் கேட்போம். கையெழுத்திட மறுப்பவர் குறிப்பிட்ட நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அந்த அதிகாரம் தானாகவே வேறு உறுப்பினருக்குப் போக வேண்டும். இப்போது ஒவ்வொரு முறையும் தலைவர் ஆட்சியர் அலுவலக வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

குற்றாலத்தில் கேள்வி கேட்ட தம்பி இப்போது முதுகலை படிக்கிறார். சமீபத்தில் தென்காசி பேருந்து நிலையத்தில் பார்த்தோம். ஊரில் இப்போதும் வைஸ்தான் பாத்துக்கிடுதாரா என்று கேட்டோம். "ஆமாக்கா," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தத் தடவை எங்க அம்மா மூணாவது வார்டுல நிக்கேன்னு சொல்லுது" என்றார். அது பொது வார்டு.